முதலில் ஆள், பிறகு கதை: சிறுகதையில் பாத்திரத்தையும் கதைப்பின்னலையும் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் மையத்தின் மாடியறையில், சனிக்கிழமை மாலைகளில், சிறுகதை எழுதப் பழகுகிறவர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், ஓய்வுபெற்ற கிராணிமார் (எழுத்தர்கள்), பல்கலைக்கழக மாணவர்கள் என்று வருகிறவர்கள் பலவகை. ஆனால் அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மொழி வளம் இல்லாமல் யாரும் தோற்பதில்லை. வேலையை எந்த வரிசையில் செய்வது என்று தெரியாமல்தான் தோற்கிறார்கள். முதலில் ஒரு நீதியைத் தீர்மானிக்கிறார்கள், அதற்கேற்ற முடிவைத் தேடுகிறார்கள், முடிவுக்கு இட்டுச்செல்லும் சம்பவங்களை அடுக்குகிறார்கள், எல்லாம் முடிந்தபிறகு ஓர் ஆளைப் பிடித்து அதற்குள் தள்ளுகிறார்கள். அந்த ஆள் மூச்சுவிட முடியாமல் கதைக்குள் கிடக்கிறார்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. விளக்கம் அந்தரத்தில் நிற்கக்கூடாது என்பதால், ஒரே கதையை முதற்படியிலிருந்து கடைசித் திருத்தம் வரை கட்டிக்கொண்டே போவோம். கதையில் வருபவர் கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் பள்ளி வேன் ஓட்டும் மாணிக்கம் என்னும் கற்பனை மனிதர்.

1. எழுத உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள்கள் போதும்: நீங்கள் பலமுறை பார்த்துப் பழகிய ஒரு வகை மனிதர், கண்ணை மூடிக்கொண்டு நடக்கக்கூடிய ஓர் இடம், அதிகபட்சச் சொல் எண்ணிக்கை.

இடத்தை ஏன் முதலிலேயே கேட்கிறேன் என்றால், கதையின் நிகழ்வுகளில் பாதியை இடமே தந்துவிடும். நம் அகத்திணை இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகும் ஃபெரியில் இருவர் சண்டையிட்டால், கரை வரும்வரை யாரும் இறங்கிப் போக முடியாது. அந்தக் கட்டுப்பாடே உரையாடலை இழுத்துப் பிடிக்கும். தைப்பூசத்தன்று பத்துமலையில் கதை நடந்தால் 272 படிகள் இருக்கின்றன. பாத்திரத்துக்கு முழங்கால் வலி என்று எழுதிவிட்டால், எங்கே நிற்பார், யார் கை கொடுப்பார் என்ற கேள்விகள் தாமாகவே எழும். படிகளும் கூட்டமும் கதையை எந்தவிதத்திலும் பாதிக்கவில்லை என்றால், தைப்பூசம் அங்கே வெறும் திரைச்சீலைதான்.

சொல் எண்ணிக்கையை முன்கூட்டியே தீர்மானிப்பதற்கும் காரணம் உண்டு. 1500 சொற்களுக்குள் ஒரு மனிதரின் ஒரு நாளைச் சொல்லலாம். 40 ஆண்டு வாழ்க்கையைச் சொல்ல முயன்றால் சுருக்கக் குறிப்புதான் கிடைக்கும். தோட்டத்தில் பிறந்து, பட்டணம் வந்து, மணமுடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, முதியோர் இல்லத்தில் முடியும் கதைகள் மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வருகின்றன. அவை நாவலுக்கான கருக்கள். சிறுகதையில் திணித்தால் எல்லாமே பொதுவாக்கியங்களாகிவிடும்.

நீதி மட்டும் கையில் இருக்கக்கூடாது. மனத்தில் இருந்தால் அதை ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

2. ஆளைத் தெரிந்துகொள்ளுதல்

‘ஏழை’, ‘நல்லவர்’, ‘கோபக்காரர்’ என்று எழுதிக்கொண்டால் கிடைப்பது வகை மட்டுமே, ஆள் கிடைக்கமாட்டார். வகையைச் சேர்ந்தவர் என்ன செய்வார் என்று வாசகருக்கு முன்பே தெரியும் என்பதால், அவரைப் பின்தொடர வாசகருக்குக் காரணம் இல்லாமல் போய்விடும்.

பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. இவர் சட்டைப்பையில் என்ன இருக்கிறது? இவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், இவருக்கு யார் தரவேண்டும்? அக்கம்பக்கத்தார் இவரை எப்படி அழைக்கிறார்கள்? எதற்காக வெட்கப்படுகிறார்? எவ்வளவு நெருக்கடி வந்தாலும் எதைச் செய்யமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்?

மாணிக்கத்துக்கு விடை எழுதிப் பார்ப்போம். வயது 57. மஞ்சள் நிறப் பள்ளி வேன், சொந்த வண்டி. சட்டைப்பையில் எந்நேரமும் 555 நோட்டு இருக்கும். மளிகைக் கடைகளில் கடன் எழுதுவார்களே, அந்த உள்ளங்கை அளவுப் புத்தகம். பிள்ளைகள் ‘அங்கிள்’ என்கிறார்கள், பெற்றோர் ‘வேன் அண்ணே’ என்கிறார்கள். பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, வேன் மாதக்கணக்கில் கார் நிறுத்துமிடத்திலேயே கிடந்தது. அப்போது மருமகனிடம் பணம் வாங்கினார், மருமகன் அதை ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டினார். இனி அவனிடம் கை நீட்டமாட்டேன் என்பது அன்றிலிருந்து அவருடைய உறுதி.

இவ்வளவும் கதையில் வரப்போவதில்லை. கல்யாண வீட்டுச் சம்பவம் இரண்டு வரியில் வரும், மற்றவை அவர் நடந்துகொள்ளும் விதத்தில் கரைந்திருக்கும். ஆனால் ஐந்தாவது கேள்விக்கான விடை இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எதைச் செய்யமாட்டார் என்பதுதான், பின்னால் கதைப்பின்னல் அவரிடம் கேட்கப்போகும் விலை.

இங்கே நடக்கும் சிறு தவறு பெயர்களைப் பற்றியது. ஒரே கதையில் செல்வி, செல்வம், செல்வா என்று வைத்துவிடுவார்கள். எழுதுகிறவருக்கு முகங்கள் தெரியும். வாசகருக்கு எழுத்துகள் மட்டுமே தெரியும். பெயர்கள் வெவ்வேறு எழுத்தில் தொடங்கட்டும்.

3. இன்றைய தேவை

‘அவர் மரியாதையைத் தேடினார்’ என்று எழுதினால், மரியாதை கிடைத்ததா இல்லையா என்று எந்தக் காட்சியிலும் காட்ட முடியாது. தேவையைக் கையால் தொடக்கூடிய அளவுக்குக் குறுக்குங்கள். அதற்குக் கெடு வையுங்கள்.

மாணிக்கத்தின் வேன் காப்புறுதி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. இரண்டும் இல்லாமல் திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்ற முடியாது. அவருக்கு 240 வெள்ளி (ரிங்கிட்) குறைகிறது. 555 நோட்டைப் புரட்டுகிறார். மூன்று மாதமாகக் கட்டணம் தராத பெயர் ஒன்றே ஒன்று: நான்காம் மாடி செல்வி, மாதம் 80 வெள்ளி. மரியாதை, தன்மானம் ஆகிய பெரிய சொற்கள் எல்லாம் இந்த 240 வெள்ளிக்குள் அடங்கிவிடும், நாம் அவற்றை உச்சரிக்கத் தேவையில்லை.

4. தடைக்கும் நியாயம் வேண்டும்

புதியவர்கள் எழுதும் கதைகளில் தடை பெரும்பாலும் ஒரு கெட்டவராக வருகிறது: குடிகாரக் கணவன், கொடுமைக்கார மாமியார், ஈவிரக்கமில்லாத முதலாளி. கெட்டவர் எதிரில் நின்றால் நம் ஆள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எதிர்க்க வேண்டும் அல்லது தோற்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போதுதான் தேர்ந்தெடுக்கும் வேதனை பிறக்கிறது.

செல்வி ஏமாற்றுக்காரி இல்லை. பேரங்காடியில் காசாளர், தனியாகப் பிள்ளை வளர்க்கிறாள், மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. வேன் இல்லையென்றால் மகன் கவினைப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லை, அதனால் பணம் இல்லாதபோதும் வேனை நிறுத்தச் சொல்ல அவளால் முடியாது. கவின் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஓட்டுநருக்கு நேர்ப் பின்னால் உள்ள முதல் வரிசைதான் அவனுடைய இடம். வழிநெடுக மாணிக்கத்தின் பிடரியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவான்.

தடையை வடிவமைக்கும்போது நான் ஒரு சோதனை வைத்துக்கொள்வேன். எதிரில் நிற்பவரை மையமாக வைத்து இதே கதையை எழுதினால் அவர் பக்கமும் கதை நிற்குமா? செல்வியை வைத்து எழுதினாலும் இது நிற்கும். அப்படியென்றால் தடை சரியாக அமைந்திருக்கிறது.

5. ‘பிறகு’ என்பதை ‘அதனால்’ ஆக்குதல்

இந்தப் படியில்தான் பட்டறையின் பாதி நேரம் போகிறது, போகட்டும் என்றே விட்டுவிடுகிறேன். சம்பவங்களை வரிசையாகச் சொல்வது நிகழ்ச்சி நிரல். ஒரு சம்பவம் அடுத்ததைப் பெற்றெடுத்தால்தான் அது கதைப்பின்னல்.

எல்லாச் சம்பவங்களையும் ஒவ்வொரு வரியாக ஒரு தாளில் எழுதி, இரண்டு வரிகளுக்கு இடையே என்ன சொல் பொருந்துகிறது என்று பாருங்கள். ‘பிறகு’ மட்டுமே பொருந்தினால் அந்த இடத்தில் கதை அறுந்திருக்கிறது. ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ பொருந்த வேண்டும்.

மாணிக்கத்தின் கதைக்கு நான் எழுதிய முதல் வரிசை இப்படி இருந்தது. வேன் பழுதாகிறது, பிறகு மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது, பிறகு மகள் தொலைபேசியில் அழுகிறாள், பிறகு அவர் செல்வி வீட்டுக்குப் போகிறார். நான்கு துன்பங்கள், நான்குக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. துன்பத்தை மேலும் மேலும் குவித்தால் வாசகர் உருகுவார் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. உண்மையில் மூன்றாவது துன்பத்திலேயே வாசகர் எழுத்தாளரின் கையைப் பார்த்துவிடுவார்.

திருத்திய வரிசை இது. காப்புறுதி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதனால் 555 நோட்டைப் புரட்டுகிறார். செல்வியின் பெயர்தான் நிலுவையில் இருக்கிறது. அதனால் சனிக்கிழமை மாலை அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் போகிறார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஆனால் படியேறியாவது போகிறார். கதவைத் திறக்கும் கவின், அம்மா வீட்டில் இல்லை என்கிறான். ஆனால் அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று மாணிக்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. பையனைப் பொய்யனாக்கிப் பணம் கேட்க அவரால் முடியவில்லை. அதனால் திரும்பி இறங்குகிறார். பணம் கிடைக்கவில்லை, அதனால் மாடிப்படியில் நின்றபடியே மருமகனுக்குத் தொலைபேசி அடிக்கிறார். திங்கட்கிழமை வேன் ஓடுகிறது. ஆனால் கவின் முதல் வரிசையில் உட்காராமல் கடைசி வரிசைக்குப் போகிறான்.

மனைவியின் நோயும் மகளின் அழுகையும் எங்கே போயின என்று பாருங்கள். அவற்றை நீக்கியதால் எதுவும் அறுபடவில்லை. நீக்கினாலும் சங்கிலி அறுபடாத கண்ணி எதுவாக இருந்தாலும், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அது வெளியே போகவேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதையின் நடுவில் மாணிக்கம் ஒரு முடிவெடுக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு ‘செல்வி, வெளிய வாம்மா’ என்று அவர் சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்கு விலையாக, செய்யவேமாட்டேன் என்று வைத்திருந்த காரியத்தைச் செய்கிறார். பாத்திரமும் கதைப்பின்னலும் வெவ்வேறு பாடங்கள் என்று பள்ளியில் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுதும் மேசையில் அவை சந்திக்கும் இடம் இதுதான். நெருக்கடியில் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே பாத்திரம், தேர்ந்தெடுத்ததால் அடுத்து என்ன நடந்தது என்பதே பின்னல்.

தற்செயலைப் பற்றி ஒரு சொல். தற்செயலாக ஆள் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம், வாசகர் ஒப்புக்கொள்வார். தற்செயலாகச் சிக்கலிலிருந்து விடுபட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். மாணிக்கத்துக்குப் படியில் 240 வெள்ளி கிடந்தால் கதை அங்கேயே செத்துவிடும்.

6. யார் கூற்று?

சங்கப் பாடல்களுக்கு அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறிப்பு இருக்கும். சில குறிப்புகள் யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்பது வரை சொல்லிவிடும். ஒரே பிரிவைத் தலைவி சொன்னால் ஒரு பாட்டு, தோழி சொன்னால் வேறொரு பாட்டு. சிறுகதை எழுதுகிறவரும் முதல் வரிக்கு முன்னால் இந்தக் குறிப்பைத் தமக்காக எழுதிக்கொள்வது நல்லது.

தீர்மானிக்கும் வழி எளிது: யாருக்குத் தெரியாமல் இருப்பது கதைக்கு உதவும் என்று கேளுங்கள். செல்வி சொன்னால், அவள் உள்ளே இருப்பது முதலிலேயே தெரிந்துவிடும். கதவுக் காட்சியில் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. கவின் சொன்னால், பொய் சொன்னதன் கூச்சத்தை அவனே விளக்கவேண்டி வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் இருக்காது, இருந்தால் அது எழுத்தாளரின் குரலாகிவிடும். மாணிக்கத்துக்கு மட்டும்தான் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆகவே படர்க்கையில், ஆனால் மாணிக்கத்தின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லவேண்டும். அவர் பார்க்காததைக் கதையும் பார்க்கக்கூடாது.

கடைசி வாக்கியம்தான் எல்லோரும் மீறுவது. பத்தி முழுக்க மாணிக்கத்தோடு இருந்துவிட்டு, திடீரென்று ‘செல்வி உள்ளே கண்ணீர் வடித்தாள்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியில் கதவு காணாமல் போகிறது. இவ்வளவு நேரம் வாசகரை வாசலில் நிற்கவைத்ததற்கே பொருள் இல்லாமல் ஆகிவிடுகிறது.

7. தொடங்கும் இடம்

‘காலை 5 மணிக்கு அலாரம் அடித்தது’ என்று தொடங்கும் கதைகளைக் கணக்கெடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். அடுத்த வரியில் சோம்பல் முறிப்பார், அதற்கடுத்து பசியாறுவார். எழுத்தாளர் தம்மைச் சூடேற்றிக்கொள்ள எழுதிய வரிகள் இவை. எழுதுவதில் தவறில்லை, வைத்துக்கொள்வதுதான் தவறு.

தேவையும் தடையும் மோதப்போகும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் தொடங்குங்கள். மாணிக்கத்தின் கதை வெள்ளிக்கிழமை மதியம் தொடங்குகிறது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்மேல் 555 நோட்டை வைத்துக் கூட்டிப் பார்க்கிறார். கல்யாண வீட்டு அவமானம் அந்தக் கூட்டலுக்கு நடுவே இரண்டு வரியில் வந்துபோகும். பழைய சம்பவத்தைச் சொல்வதற்காக நிகழ்காலத்தை அரைப்பக்கம் நிறுத்திவைத்தால், திரும்பி வரும்போது வாசகர் வேனை விட்டு இறங்கியிருப்பார்.

பின்னால் தேவைப்படும் பொருள்களை விதைப்பதும் இந்தப் பகுதியில்தான். கதவுக் காட்சியில் செல்வியின் செருப்பு முக்கியம். ஆகவே அதை அவளுடையது என்று வாசகர் முன்பே அறிந்திருக்க வேண்டும், ஆனால் அறிகிறோம் என்று அறியாமல் அறிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அவள் மகனை அழைத்துப்போகக் கீழே வருகிறாள். பணத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடுமோ என்று மாணிக்கத்தின் முகத்தைப் பார்க்காமல், தன் ஊதா நிறச் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த வரியைப் படிப்பவருக்கு அவள் கூச்சம்தான் கண்ணில் படும். நிறம் மனத்தில் தங்கிவிடும்.

8. காட்சியை எழுதுதல்

பின்னலின் எல்லாக் கண்ணிகளுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்காதீர்கள். தேர்வு நடக்கும் கண்ணியைக் காட்சியாக விரியுங்கள், மற்றவற்றை ஓரிரு வாக்கியத்தில் கடந்துவிடுங்கள். நம் கதையில் விரியவேண்டியது கதவுக் காட்சி. அது இப்படி வந்தது:

கதவு ஒரு சாண் திறந்தது. இரும்புக் கம்பிக்கதவு பூட்டியே இருந்தது.

“அங்கிள்?”

“அம்மா இருக்காங்களாப்பா?”

“இல்ல அங்கிள். வேலைக்குப் போயிட்டாங்க.”

மாணிக்கம் கீழே பார்த்தார். கவினின் பள்ளிச் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஊதா நிறச் செருப்பு நனைந்து கிடந்தது. சிமெண்டுத் தரையில் அதன் ஈரம் இன்னும் காயவில்லை. மழை விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

“எப்ப வருவாங்க?”

கவின் உள்ளே திரும்பிப் பார்த்தான். “தெரியாது அங்கிள்.”

“சரிப்பா. கதவச் சாத்திக்க. திங்கக்கிழம ஆறு இருவதுக்குக் கீழ வந்துடு.”

இந்தக் காட்சியில் ‘பொய்’ என்ற சொல் இல்லை, ‘வறுமை’ இல்லை, ‘மனம் வலித்தது’ என்பதும் இல்லை. செருப்பின் ஈரமும் பையன் திரும்பிப் பார்த்ததும் அந்த வேலையைச் செய்துவிட்டன. மாணிக்கம் எடுத்த முடிவு அவருடைய கடைசி வாக்கியத்துக்குள் இருக்கிறது: பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, திங்கட்கிழமையும் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்.

என் முதல் வரைவில் கவின் உள்ளே ஓடி, மைலோ டின்னில் சேர்த்த சில்லறைகளைக் கொண்டுவந்து நீட்டினான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. உண்டியல் நீட்டும் குழந்தை எந்தக் கதையிலும் அழவைக்கும். அதனால்தான் அது இந்தக் கதைக்குரியது இல்லை.

உரையாடலின் மொழியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். விவரிப்பை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சை அந்த ஆள் பேசுகிறபடியே விடுவது பாதுகாப்பான வழி. கோலாலம்பூரில் பேசும் தமிழில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் தாமாகவே வரும். வருகிற இடத்தில் வரட்டும். ஆனால் ஊர் மணம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ‘லா’ ஒட்டினால், ஆள் மறைந்து நடிகர் தெரிவார். எட்டு வயதுப் பையன் ‘தாயார் இல்லத்தில் இல்லை’ என்று சொல்வதும் அதே அளவு பொய்தான்.

விவரங்களைச் சரிபாருங்கள். பழைய காலத்தில் நடக்கும் கதையென்றால் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். எழுதத் தொடங்கிய காலத்தில், 1978இல் நடக்கும் கதையொன்றில் என் பாத்திரத்தைப் பினாங்குப் பாலத்தின்மேல் கார் ஓட்டவிட்டேன். பாலம் திறக்கப்பட்டது 1985இல். பட்டர்வொர்த்தைச் சேர்ந்த வாசகர் ஒருவர், ‘உங்கள் ஆள் கடலில் விழுந்திருப்பாரே’ என்று கேட்டார். கதையைப் பற்றி அவர் வேறெதுவும் சொல்லவில்லை, அந்தப் பத்திக்குமேல் படித்திருக்கமாட்டார்.

9. முடிவு

முடிவை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம், ஆளும் தேவையும் தேர்வும் அமைந்தபிறகுதான் எந்த முடிவு அவருக்குரியது என்று தெரியும். முன்பே தீர்மானித்தவர்கள் நான்கு முடிவுகளில் ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறார்கள்: விபத்தில் சாவு, இறந்தவர் விட்டுச்சென்ற கடிதம், எல்லாம் கனவு, ஓடிவந்து காலில் விழும் மகன். நான்கும் பாத்திரத்தின் செயலால் விளையாதவை, வெளியிலிருந்து வந்து கதவைச் சாத்துகிறவை.

முடிவில் இரண்டு இருக்கவேண்டும். கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவேண்டும். அந்த விடையின் விலை புலப்படவேண்டும். வேன் ஓடுமா என்ற கேள்விக்கு, ஓடும் என்பது விடை. மருமகனிடம் கேட்டது ஒரு விலை, அதை அவர் தெரிந்தே கொடுத்தார். தெரியாமல் கொடுத்த விலை இன்னொன்று: தாயின் மானத்தைக் காப்பாற்றப்போய், பையனின் கூச்சத்தை அப்படியே விட்டுவிட்டார். மாணிக்கத்துக்குத் தெரிந்துவிட்டது என்பது கவினுக்கும் தெரியும். அதனால்தான் அவன் கடைசி வரிசைக்குப் போகிறான். சங்கிலியின் கடைசிக் கண்ணியை வாசகர் எதிர்பார்த்திருக்கக்கூடாது, ஆனால் வந்தபிறகு வேறெதுவும் வந்திருக்க முடியாது என்று படவேண்டும்.

555 நோட்டிலிருந்து செல்வியின் பக்கத்தைக் கிழித்து எறியும் முடிவை என் பட்டறையில் மூவர் பரிந்துரைத்தார்கள். மாணிக்கம் கிழிக்கமாட்டார். கடன் கடன்தான்; அடுத்த மாதம் கேட்பார். ஒரு மாலையில் இரக்கம் காட்டியவரைப் புனிதராக்கிவிட்டால், ஆள் மறுபடியும் வகையாகிவிடுவார்.

10. திருத்தும் வரிசை

எழுதி முடித்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். உடனே படித்தால் எழுத நினைத்ததைத்தான் படிப்பீர்கள், எழுதியதைப் படிக்கமாட்டீர்கள்.

பிறகு சங்கிலியை முதலில் பாருங்கள். எழுத்துப்பிழையில் தொடங்காதீர்கள், ஒற்று மிகுவதையும் மிகாததையும் சரிசெய்து முடித்த பத்தியை வெட்ட யாருக்கும் மனம் வராது. சங்கிலி சரியானபிறகு கூற்று மீறியிருக்கிறதா என்று பார்க்கலாம். மூன்றாவதாக, முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். கதை புரிந்தால் முதல் பத்தி தேவையில்லை. அதற்கப்புறம் வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் வேறொருவரைப் படிக்கச்சொல்லிக் கேளுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழைதிருத்தம் எல்லாவற்றுக்கும் கடைசி.

திருத்தத்தில் மிகக் கடினமானது கடைசி வரி. இழுப்பறையில் பூட்டிவைத்த அந்த நீதி, அதற்குள் எப்படியோ வெளியே வந்து அங்கே உட்கார்ந்திருக்கும். என் வரைவில் அது, ‘இல்லாமை பெரியவர்களைவிடச் சின்னவர்களையே முதலில் பொய் சொல்லவைக்கிறது என்று மாணிக்கம் நினைத்துக்கொண்டார்’ என்று இருந்தது. மாணிக்கம் அப்படி நினைக்கிறவர் இல்லை, அது நான் நினைத்தது. அந்த வரியை அடித்தபிறகு, கதை அதற்கு முந்தைய இரண்டு வாக்கியங்களில் நின்றது: ‘மாணிக்கம் உள்கண்ணாடியைச் சற்றுத் திருப்பினார். கடைசி வரிசையில் பள்ளிப்பையின் மேல்நுனி மட்டும் தெரிந்தது.’